இரு பக்கமும் உடுத்த வேண்டும்

வெனியர் வேலையைத் தொடங்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

வயதில் மூத்த தோட்டத்து மக்களுக்குத் தேயிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒட்டுப் பலகையால் செய்து, விளிம்புகளில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத் தாளோ விரித்த பெட்டி அது. ஏறத்தாழ 50 கிலோ தேயிலையைச் சுமந்துகொண்டு தொழிற்சாலையிலிருந்து புறப்படும். 1924 இல் ரயில் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. அதன் பின் எத்தனையோ பெட்டிகள் ரயிலேறிக் கொழும்புக்கு இறங்கின. உடைந்த பெட்டிகளோ லயன்களுக்கு வந்தன. அவையே அலுமாரியாயின, பிள்ளைகள் எழுதும் மேசையாயின, ஒற்றை அறையை இரண்டாகப் பிரிக்கும் மறைப்பாயின. பின்னர் கடதாசிச் சாக்குகள் வந்தன. பெட்டி மறைந்துபோனது.

அந்தப் பெட்டிப் பலகையை நாம் இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நாம் நட்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரு பாடம் அதற்குள்ளேயே இருந்தது.

காணியும் இல்லை, மரமும் இல்லை

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. எஞ்சியவர்கள் முகாம்களில் நெடுநாள் காத்திருந்த பின்னரே புது வீடுகளுக்குப் போனார்கள். 2025 நவம்பரில் வந்த டிட்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தின் பல மலைச்சரிவுகளை மீண்டும் பெயர்த்தது. மரக்கறித் தோட்டம் வைத்திருந்தோரும், மாடு வளர்த்தோரும், கொழுந்து பறித்தோரும் ஒருமித்து வீடிழந்தார்கள்.

வீடு கிடைத்தாலும் கைக்கு வேலை கிடைப்பதில்லை. வீட்டைச் சுற்றிச் சில பேர்ச் நிலமே உண்டு. அதில் கீரை போடலாம். குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது. "தச்சு வேலை பழகலாமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் தேக்கும் மஹோகனியும் விற்கிற விலையில் ஒரு கதிரைக்குப் பலகை வாங்கவே கடன்பட வேண்டும். தோட்டத்தில் நிற்கும் சவுக்கு மரம் நம் வீட்டு வாசலில் நிழல் தந்தாலும் அது நம் மரமல்ல. மரத்தைத் தறிக்கவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் நாடு இது. எனவே காணியும் மரமும் இல்லாதவர்கள் செய்யக்கூடிய மரவேலை எது என்று தேடியபோதுதான் நாம் வெனியரிடம் வந்தோம்.

வெனியர் என்றால் என்ன?

நல்ல மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பதே வெனியர். இன்று கடையில் கிடைக்கும் ஏடு பெரும்பாலும் அரை மில்லிமீற்றரை ஒட்டிய தடிப்பே கொண்டது. மரக்குற்றியை வெந்நீரில் அல்லது நீராவியில் பதப்படுத்தி, நீண்ட கத்தியால் ஏடு ஏடாகச் சீவுவது ஒரு முறை. குற்றியைச் சுழலவிட்டு, சுருட்டிய பாயை விரிப்பதுபோல உரித்தெடுப்பது மற்றொரு முறை. முகப்புக்கு ஒட்டும் தேக்கு ஏடுகள் பெரும்பாலும் முதல் முறையிலும், ஒட்டுப் பலகைக்கான ஏடுகள் இரண்டாம் முறையிலும் வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகையை வாளால் அரிந்தால், ஒவ்வோர் அரிவிலும் 2, 3 மில்லிமீற்றர் தூளாகப் போய்விடும். 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஐந்தாறு துண்டுகளே மிஞ்சும். அதே தடிப்பைக் கத்தியால் சீவினால் ஏறக்குறைய 40 ஏடுகள் கிடைக்கும், தூளே இல்லை. ஒரு பலகை நாற்பது பலகைகளின் முகமாகிறது.

இது ஏமாற்று வேலையல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. ஒட்டுப் பலகையை முழுத் தேக்கு என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. வெனியர் என்று சொல்லியே விற்றால் அது மதிப்புள்ள தொழில். நல்ல மரம் அரிதாயிருந்த எகிப்து தேசத்தார் கருங்காலியைத் தூரதேசங்களிலிருந்து வருவித்து, மெல்லியதாக்கி, சாதாரண மரத்தின் மேல் ஒட்டினார்கள். 3,300 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட துத்தன்காமன் அரசனின் கல்லறையிலும் அத்தகைய வேலைப்பாடுள்ள பொருட்கள் கிடைத்தன. மரம் குறைந்த இடத்தில் பிறந்த கலை இது. மரமில்லாத நமக்கும் பொருந்தும்.

எமது 24 பலகைகள்

சில ஆண்டுகளுக்கு முன் எமது சிறு பட்டறைக்கு 24 சுவர்க்கடிகாரப் பலகைகளுக்கான ஓடர் கிடைத்தது. ஓரடிச் சதுர ஒட்டுப் பலகை; முன்பக்கத்தில் தேக்கு வெனியர்; நடுவில் கடையில் வாங்கிய கடிகார இயந்திரம். இடம்பெயர்ந்து வந்த நான்கு இளைஞர்கள் மார்கழி மாதத்தில் இரவு பகலாக வேலை செய்தார்கள். வெளியே விடாத மழை. பலகைகள் பளபளவென்று முடிந்தன. பணம் கைக்கு வந்தது. அவர்களில் ஒருவர் அந்தப் பணத்தில் தங்கைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கினார்.

ஆடி மாதம் பிறந்தது. ஊவாவின் வறண்ட காற்றை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காற்றுத்தான் நம் தேயிலைக்கு உலகம் போற்றும் வாசனையைத் தருகிறது. அதே காற்று நமது பலகைகளைக் கிண்ணம்போல வளைத்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக 17 பலகைகள் திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அது பெரிய தொகையல்ல. ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளைகள், தாம் முதன்முதலாகச் செய்த பொருள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் எம்மை வருத்தியது. பிழை அவர்களுடையதல்ல, சொல்லிக்கொடுத்த எமது பிழை.

தோட்டத்தில் தச்சு வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்தக் கிழமை பட்டறைக்கு வந்தார். வளைந்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பழைய தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து அதன் விளிம்பைக் காட்டினார். மூன்று ஏடுகள். மேலேயும் கீழேயும் நார் ஒரே திசையில் ஓடியது. நடு ஏட்டின் நார் குறுக்கே ஓடியது.

"சாமி, இது ஏன் இத்தனை வருசமா வளையல தெரியுமா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உடுத்தியிருக்கு. நீங்க ஒரு பக்கம் மட்டும் உடுத்தி விட்டுட்டீங்க. அந்தப் பக்கம் இழுக்குது, இந்தப் பக்கம் சும்மா இருக்குது. அப்புறம் வளையாம என்ன செய்யும்?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. பசையின் ஈரத்தில் வெனியர் விரிகிறது. காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே தடிப்பில், அதே நார்த்திசையில் ஓர் ஏடு இருந்தால் இரு இழுப்பும் சமனாகிவிடும். பின்பக்கத்துக்கு விலை உயர்ந்த ஏடு தேவையில்லை. மலிவான மர ஏடு போதும். வெறுமையாக மட்டும் விடக்கூடாது.

தொடங்குவதற்குத் தேவையானவை

இயந்திரம் எதுவும் வேண்டாம். கூரிய கத்தி, இரும்பு அடிமட்டம், வெள்ளை மரப்பசை, மண் கடதாசி, ஒட்டும் நாடா, பிளாஸ்டிக் தாள், மட்டமான இரண்டு தடித்த பலகைகள். 'ஜீ கிளாம்ப்' நான்கு இருந்தால் நல்லது. இல்லையேல் கனமான கற்களும் உதவும். வெனியர் பெரும்பாலும் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. மொறட்டுவை, கொழும்புப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் பஸ் செலவு குறையும்.

முதல் வேலைக்கு 9 மில்லிமீற்றர் ஒட்டுப் பலகையில் ஓரடிச் சதுரத் துண்டு ஒன்று போதும்.

வேலை முறை

1. பலகையையும் ஏட்டையும் வேலை செய்யும் அறையிலேயே சில நாட்கள் வையுங்கள். மழைக்காலத்தில் சுவரோரம், நிலத்தில் சாய்த்து வைக்காதீர்கள். ஏடு நெளிந்திருந்தால் தண்ணீரை இலேசாகத் தெளித்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். ஈரத்தாளை மாற்றிக்கொண்டே வந்தால் ஓரிரு நாட்களில் மட்டமாகும்.

2. பலகையைவிடச் சுற்றிவர அரை அங்குலம் கூடுதலாக ஏட்டை வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்ட முயல வேண்டாம். மெதுவாக நாலைந்து தடவை கத்தியை இழுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டும்போது முனை பிளக்கும். அந்த இடத்தில் முதலில் நாடாவை ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. ஏட்டின் நார், ஒட்டுப் பலகையின் மேல்நாருக்குக் குறுக்காக ஓட வேண்டும். பெட்டிப் பலகையின் மூன்று ஏடுகளை நினைவில் வைத்தால் இது மறக்காது.

4. பசையைப் பலகையில் பூசுங்கள். ஏட்டில் பூசினால் அது சுருண்டுவிடும். பசையில் தண்ணீர் கலந்து பெருக்க வேண்டாம். பழைய அட்டைத் துண்டால் எங்கும் ஒரே அளவாக இழுத்து விடுங்கள். வெள்ளைப் பசை விரைவில் இறுகும். எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

5. இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டி, மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் விரித்து, இரு தடித்த பலகைகளுக்கிடையில் வைத்து அழுத்துங்கள். முதலில் நடுவில் அழுத்தம் கொடுத்துப் பின் ஓரங்களுக்குப் போனால் காற்றும் மிகுந்த பசையும் வெளியேறும். ஓர் இரவு முழுவதும் விடுங்கள்.

6. மறுநாள் எடுத்து, இரு பக்கமும் காற்றுப்படும்படி விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள். மேசைமேல் படுக்க வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பழைய கதை திரும்பும். சில நாட்கள் பொறுத்து, மிஞ்சிய ஓரங்களைக் கூரிய கத்தியால் நறுக்குங்கள்.

7. விரல் நகத்தால் எங்கும் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பசை பிடிக்கவில்லை. நார் ஓடும் திசையிலேயே கத்தியால் சிறு கீறல் இட்டு, பசையை உள்ளே செலுத்தி, மறுபடி பாரம் ஏற்றுங்கள்.

8. 180 ஆம் இலக்க மண் கடதாசியால், பின்பு 240 ஆல், நார் வழியே இலேசாகத் தேயுங்கள். அரை மில்லிமீற்றர்தான் உண்டு என்பதை மறவாதீர்கள். வாயையும் மூக்கையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தூள் நெஞ்சுக்குக் கெடுதி. சிறு பிள்ளைகள் உறங்கும் அறையில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பின்னர் வானிஷை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் சமமாகப் பூசுங்கள்.

வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும் தன்மையுடையது. எனவே சூடான கேத்தல், பாத்திரம் வைக்கும் தட்டங்களுக்கு இது ஏற்றதல்ல. கடிகாரப் பலகை, படச்சட்டம், நகைப்பெட்டி மூடி போன்றவற்றோடு தொடங்குங்கள்.

கணக்கு எழுதுங்கள்

பலகை, ஏடு, பசை, வானிஷ், பஸ் கட்டணம் என்பவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். தமது கூலியை எழுதுவதில்லை. எத்தனை மணித்தியாலம் என்பதைக் குறித்து, அதற்கும் ஒரு நாட்கூலியைச் சேர்த்து விலை சொல்லுங்கள். பத்துப் பொருளாவது விற்று, ஒன்றேனும் திரும்பி வராதவரை இயந்திரம் வாங்க எண்ண வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, மழையில் பசை காயக் காத்திருக்கும் குடும்பத்தின் நிலையை நாம் கண்டிருக்கிறோம். பசை காயாவிட்டாலும் கடன்காரர் கிழமை தவறாமல் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

அந்த நால்வரில் இருவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் இன்றும் எம்மோடு வேலை செய்கிறார்கள். திரும்பி வந்த 17 பலகைகளில் ஒன்றைப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வளைந்த பலகைதான், ஆனால் நேரம் சரியாகக் காட்டுகிறது. புதிதாகப் பழக வருவோருக்கு முதலில் அதையே கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டுகிறோம்.

நீங்கள் செய்யும் முதல் பலகையை விற்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரிலேயே மாட்டி வையுங்கள். ஒரு மார்கழி மழையையும் ஓர் ஆடிக் காற்றையும் அது பார்க்கட்டும். அதன் பிறகும் நேராக நின்றால், அதைக் காட்டித் துணிந்து ஓடர் எடுங்கள்.