பூவுக்குக் கிட்ட போனா மங்குதா? ஒரு சாண் தள்ளி நில்லுங்க!

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம் மல்லி, முல்லை, கனகாம்பரம்னு பூந்தோட்டங்கள் நிறைய. விடிகாலையில போனை எடுத்துக்கிட்டு ஒரு மல்லி மொட்டுக்கு நேரா நீட்டுறோம். அழகா இருக்கேன்னு இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட... வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பார்த்தா, பின்னாடி இருக்கிற இலை பளிச், மொட்டு மங்கல்! மறுபடி எடுக்கலாம்னா, மொட்டு அதுக்குள்ள மார்க்கெட் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏன் இப்படி?

விரலை மூக்கு நுனிக்குக் கொண்டு வந்தா கண்ணுக்கே மங்கலாத் தெரியும்ல? லென்ஸுக்கும் அதே கதைதான். பல போன்களோட மெயின் கேமராவுக்குக் குறைஞ்சது 10 செ.மீ தூரமாவது வேணும். அதனால, ஒரு சாண் தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம் பண்ணுங்க. போனோட நிழலும் பூ மேல விழாது. மேக்ரோ மோடு இருந்தா இன்னும் கிட்ட போகலாம். ஆனா வெளிச்சம் நல்லா இருக்கணும்.

எதுல ஃபோகஸ் வைக்கணும்?

கிட்ட போகப் போக, ஷார்ப்பா விழுற பகுதி மெலிசாகிட்டே வரும். முழுப் பூவும் தெளிவா வராது. விரிஞ்ச பூன்னா நடுவுல இருக்கிற மகரந்தத்தைக் குறி வைங்க. முல்லைச் சரம் மாதிரி நீளமா இருந்தா, போனை அதுக்கு இணையாப் பிடிங்க. வெறும் வெள்ளை இதழ்ல கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. மொட்டும் பச்சைக் காம்பும் சேர்ற இடத்தைத் தொடுங்க.

திரையை அழுத்திப் பிடிச்சா பெரும்பாலான போன்கள்ல ஃபோகஸ் லாக் ஆகிடும். அதுக்கப்புறம் முன்ன பின்ன அசையக் கூடாது. லேசா அசைஞ்சாலும் போச்சு! முழங்கையை முட்டியில ஊன்றி, மூச்சைப் பிடிச்சு, அஞ்சாறு படம் தொடர்ச்சியா எடுங்க. காத்து அடிச்சா, அது நிக்கிற நொடிக்குக் காத்திருங்க. எடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸைத் துடைக்கவும், தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கவும் மறக்காதீங்க.

இதே மாவட்டத்துல சித்தன்னவாசல் குகைக் கோயில் விதானத்துல ஒரு தாமரைக் குளம் ஓவியம் இருக்கு. சுமார் 9-ம் நூற்றாண்டுல வரைஞ்சது. பூ, மீன், யானைன்னு எல்லாத்தையும் ஒரே குளத்துல தெளிவாக் காட்ட ஓவியருக்கு முடிஞ்சுது. குளோஸ்-அப் எடுக்கிற நமக்கு அந்த வசதி இல்லை. எதைத் தெளிவாக் காட்டணும்னு முதல்ல நாமதான் முடிவு பண்ணணும், கேமரா பண்ணாது.