மலைநாட்டில் ஓர் எஞ்சின் அறை

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல், நம்மவரான மாலுமிகளுடன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்த செய்தியை அன்பர் பலர் அறிவர். நடுக்கடலிற் கம்மாலை இல்லை. பழுது நேர்ந்தபின் அழைப்பதற்கு ஆளும் இல்லை. ஆதலின், கயிறு அறுமுன் அதனைப் பார்ப்பதும், பலகைப் பொருத்திலே நீர் கசியுமுன் அதனை அடைப்பதும் மாலுமியின் அன்றாடக் கடமைகளாகும். இந்நியதி கடலுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தார் ‘இஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையும் ஒருவகையிற் கலமே. பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ மெக்கானிக் ஒருவர் மலையேறி வந்து சேரும்வரை கொழுந்து காத்திராது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டு, ஊவாவை அடைகையில் வறண்டு வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அக்காலத்திலேதான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த தனி மணம் உண்டாகிறது. பறித்த கொழுந்தை விசிறிக் காற்றிலே பல மணி நேரம் வாட்டி, ரோலரில் அரைத்து, உரிய நேரம் புளிக்கவைத்துப் பின் அடுப்பிலே காயவைத்தல் வேண்டும். விசிறி நின்றாற் குவிந்த கொழுந்து சூடேறிச் சிவக்கும். அடுப்பு நின்றாற் புளிப்பு மிஞ்சி மணம் கெடும். எஞ்சின் அறையிலே ஒரு மணி நேரம் தவறினால், மலையிலே நூறு கைகள் பகலெல்லாம் பறித்தது பாழாகும்.

முற்காலத்தில் நீர்ச்சக்கரமும் நீராவி எஞ்சினும், பின்னர் எண்ணெய் எஞ்சினும் இயந்திரங்களை இயக்கின. கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டொன்று சுழல, அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுழற்றும். இன்று மின்சாரம் அவ்வேலையைச் செய்கிறது. டீசல் மின்பிறப்பாக்கியோ மின்சாரம் தடைப்படும் வேளைக்காகக் காத்து நிற்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, காத்து நின்ற எஞ்சினின் அருமையை யாவரும் உணர்ந்தோம். டீசலுக்கும் அக்காலத்திலே தட்டுப்பாடு நிலவியது.

எஞ்சினைப் பேணும் முறை அரிதன்று. நாள்தோறும் மசகெண்ணெயின் மட்டத்தைக் கோலிட்டுப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது றேடியேற்றரின் நீரைப் பார்த்தல் வேண்டும். மலைநாட்டின் குளிர்ந்த இரவிலே, பாதி வெறுமையான டீசல் தொட்டியினுள் ஈரம் துளித்து அடியில் நீராகத் தங்கும். ஆகவே தொட்டியை நிறைத்து வைப்பதும், அடிக்குழாயைத் திறந்து நீரை வடிப்பதும் நன்று. பற்றறியின் முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுவதற்குச் சில நிமிடங்களே செல்லும். வடிகட்டியை மாற்றியபின் குழாயிற் புகுந்த காற்றைக் கைப்பம்பியால் வெளியேற்றாவிடின் எஞ்சின் இயங்காது. மசகெண்ணெயைப் பெரும்பாலான எஞ்சின்களில் 250 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவர். ஓட்டம் குறைந்தாலும் ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுதல் தகும்.

இஸ்டோரிற் பறக்கும் தேயிலைத் தூசும் பஞ்சும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அன்றியும், அப்புத்தளை போன்ற உயரத்திலே காற்றின் செறிவு கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கே. முன்னரே குறைவாக மூச்சுவிடும் எஞ்சினின் மூக்கையும் அடைத்தால் அது கரும்புகை கக்குவதில் வியப்பென்ன? நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலையோ உட்புகுந்த நீரையோ காட்டும். கிழமைக்கொருமுறை எஞ்சினை அரைமணி நேரம் பளுவுடன் ஓட்டுதல் அவசியம். பளுவின்றி ஓட்டினால் வெப்பம் போதாது, எரியாத எண்ணெயும் கரியும் புகைவழியிற் படியும்.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே, காய்ச்சற் காற்று வீசிய ஓர் ஆகஸ்ட் மாலையில் மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கி புதியது, விலையும் பெரிது. ஆயினும் அது முனகியதேயன்றி இயங்கவில்லை. பற்றறி முனையிற் பச்சைப் பாசிபோற் களிம்பு, டீசலில் நீர். பழைய எஞ்சின் டிரைவர் ஓய்வுபெற்ற பின், அவர் நாள்தோறும் எழுதிவந்த ஓட்டப் புத்தகத்தை எவரும் திறக்கவில்லை. விடியுமுன் சிவந்துபோன கொழுந்தைப் பெண்கள் கூடையிலே அள்ளிக் கொட்டிய காட்சி எம் கண்ணைவிட்டு அகலவில்லை. அதை அவர்களே முதல்நாள் பறித்திருந்தனர்.

இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர், எண்ணெய் படிந்த கையினர் ஒருவரின் உழைப்பாற் படித்தவர்கள். அக்கைகள் அறிந்ததை நாம் பெரும்பாலும் எழுதி வைத்தோமல்லோம். எஞ்சினின் ஓசை மாறியவுடன் உறக்கத்திலும் விழித்தெழும் அப்பெரியோர் இன்னுஞ் சிலர் நம் லயங்களிலே இருக்கின்றனர். மாணவர்கள் அவர்களிடம் சென்று கேட்டுத் தமிழில் எழுதி வைப்பார்களாயின், அது இவ்விழாவுக்கேற்ற காணிக்கையாகும்.

ஆயுதபூசையன்று எஞ்சினுக்குச் சந்தனமும் மாலையும் சாத்துகிறோம். நன்று. மற்றை நாள்களில் அது வேண்டுவது ஒரு துணியும், சிறிது எண்ணெயும், புத்தகத்தில் ஒரு வரியுமே.