லூப் ஏன் தடுக்கி விழுகிறது?

பாட்டு முழுக்க ஒரே தாளம் ஓட வேண்டும். டிரம்மர் எட்டு அடி அருமையாக வாசித்துவிட்டார், மீதியில் கொஞ்சம் தடுமாற்றம். நல்ல எட்டு அடியை வெட்டி எடுத்து ஐம்பது தடவை ஒட்டினால் போதுமே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் ஒட்டிக் கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம், அல்லது போகப் போகத் தாளம் நழுவுகிறது. ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய கதை. 1977-ல் பீ ஜீஸ் குழு பிரான்ஸில் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே பதிவான 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து அவர் வாசித்த ஒரு சிறு பகுதியை எடுத்து, டேப்பின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். லூப் என்ற சொல்லுக்கு அப்போது அதுதான் நேரடி அர்த்தம்: நிஜமாகவே ஒரு வளையம். ஆல்பத்தில் டிரம்மர் பெயரை விளையாட்டாக 'பெர்னார்ட் லூப்' என்று போட்டார்கள்!

டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், 4.8 நொடி லூப்புக்கு 72 அங்குலம், அதாவது ஆறடி டேப் வேண்டும். பிளேடால் வெட்டிய இடம் தவறினால் தவறியதுதான்.

டிஜிட்டல் மல்டிட்ராக் ரெக்கார்டர் மாற்றியது இதைத்தான். 1990களின் நடுவில் வந்த ரோலண்ட் விஎஸ்-880 நல்ல உதாரணம். எட்டு டிராக், ஒவ்வொன்றுக்கும் எட்டு விர்ச்சுவல் டிராக். அதில் ஒரு பகுதியை நகலெடுத்தால் ஒலி நகலாவதில்லை. 'இந்த ஃபைலில் இங்கிருந்து இதுவரை வாசி' என்ற குறிப்புதான் நகலாகிறது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு உடனே புரியும், எல்லாம் பாயின்டர்தான். ஐம்பது தடவை ஒட்டினாலும் டிஸ்க்கில் இடம் கூடாது, தரமும் குறையாது.

காப்பி கட்டளை நான்கு புள்ளிகளைக் கேட்கும்: ஸ்டார்ட், எண்ட், ஃப்ரம், டு. முதல் இரண்டும் எதை எடுக்கணும் என்பதற்கு. 'டு' எங்கே வைக்கணும் என்பதற்கு. பலரும் குழம்புவது 'ஃப்ரம்' இடத்தில்தான். எடுத்த துண்டுக்குள் எந்தப் புள்ளி 'டு'-வோடு சேர வேண்டும் என்று சொல்வது அது. பாடகர் மூச்சை இழுத்துவிட்டு முதல் எழுத்தைப் பாடுகிறார் என்றால், ஸ்டார்ட் மூச்சில், ஃப்ரம் முதல் எழுத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எழுத்து தாளத்தில் விழும், மூச்சும் வெட்டுப்படாது. தாள லூப்புக்கு ஸ்டார்ட்டும் ஃப்ரமும் ஒன்றாக இருந்தால் போதும்.

இப்போது நழுவலுக்கு வருவோம். நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் ஒரு அடி 0.6 நொடி, எட்டு அடி 4.8 நொடி. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் இது 2,11,680 சாம்பிள். வெட்டும்போது 10 மில்லிசெகண்ட் கூடிவிட்டது என்று வையுங்கள். ஒரு சுற்றில் காதுக்கே தெரியாது. ஐம்பது சுற்றில், அதாவது நாலு நிமிடத்தில், அது அரை நொடி. கிட்டத்தட்ட ஒரு அடியே தள்ளிப் போயிருக்கும்! அதனால் முடிவுப் புள்ளியைக் காதால் தேடாமல் ஆரம்பத்தில் உள்ள கிக் அடி தொடங்கும் இடத்திலிருந்து, எட்டு அடி தள்ளி வரும் கிக் தொடங்கும் இடம் வரை வெட்டுங்கள். டிரம்மர் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்து, நீளம் 4.83 நொடி வந்தால்? டிரம்ஸை இழுத்துச் சுருக்க வேண்டாம், அடியின் கூர்மை மழுங்கிவிடும். பாட்டின் வேகத்தை 99.4 என்று மாற்றிக்கொள்வது மேல்.

அடுத்தது 'டிக்'. ஒலி அலை மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இடத்தோடு ஒட்டினால், ஸ்பீக்கர் ஒரே சாம்பிளில் தாவ வேண்டியிருக்கும். அந்தத் தாவல்தான் சத்தம். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில், இரண்டு முனையிலும் ஒரே திசையில் கடக்கும்படி வெட்டினால் பெரும்பாலும் போய்விடும். மீதிக்குச் சில மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போதும்.

அப்படியும் சுற்று ஆரம்பிக்கும் இடம் வெறுமையாகக் கேட்டால், சிம்பலின் கார்வை காரணம். நிஜத்தில் முந்தைய சுற்றின் கார்வை அடுத்த சுற்றுக்குள் நீளும். அதனால் மூன்று சுற்று வாசிக்கச் சொல்லி நடுவில் உள்ளதை எடுங்கள். அதன் தலையில் முந்தைய கார்வை ஏற்கெனவே இருக்கும்.

விஎஸ் வகை மெஷின்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அரை நொடிக்குக் குறைவான துண்டு வாசிக்காது. 120 வேகத்தில் ஒரு அடியே அரை நொடிதான். அதனால் அடி அடியாக நறுக்காமல், முழு பாராகவே வெட்டுங்கள்.

கடைசியாக, ரொம்ப முக்கியமான ஒன்று. இந்த மெஷின்களில் அழித்த ஒலி உண்மையில் அழிவதில்லை, டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். 'சாங் ஆப்டிமைஸ்' கொடுத்தால்தான் போகும், இடமும் அப்போதுதான் திரும்பக் கிடைக்கும். கொடுத்துவிட்டால் அன்டூ கிடையாது. 'டிஸ்க் நிறைஞ்சிடுச்சே' என்று அவசரத்தில் அதை அழுத்தும் முன் பேக்கப் எடுங்கள். லூப்பை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். ஊருக்குப் போய்விட்ட டிரம்மரின் அந்த எட்டு அடியை யார் திரும்ப வாசிப்பது?