பள்ளிக்கு அனுப்பினால் போதுமா?



பினாங்குத் துறைமுகத்தின் பெயரைக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் இந்நாட்டில் இருக்க முடியாது. நம் பாட்டன் பாட்டிமார் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வந்து இறங்கிய கரைகளுள் அதுவும் ஒன்று. ஜெரேஜாக் தீவின் தடுப்பு முகாமில் சில நாள் தங்கி, பிறகு தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

அதே துறைமுக நகரில்தான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் கதையும் தொடங்குகிறது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் அங்கே பினாங்கு இலவசப் பள்ளியை நிறுவினார். அதில் தமிழுக்கும் ஒரு வகுப்பு வைக்கப்பட்டது. அதையே தொடக்கமாகக் கொண்டுதான் 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் அந்த வகுப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை. போதிய ஆதரவு கிட்டாமல் நின்று போயிற்று. பள்ளி இருந்தால் மட்டும் போதாது. அதன் பின்னால் பெற்றோர் நிற்க வேண்டும் என்பதை அன்றே கண்டுகொண்டோம்.

பின்னர் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. படித்த கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பிள்ளையைப் பால்மரக் காட்டுக்கு அழைத்துப் போனவர்களும் உண்டு. வறுமை அப்படி.

இன்று நிலைமை வேறு. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சட்டம் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல் செய்ய வேண்டியது யார்? நாம்தான்.

“எனக்கே படிப்பு வராது, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?” என்று கேட்கிறீர்களா? நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டபின் அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கட்டும். அன்று படித்த பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறது என்று எழுத்தறியாத தாய்க்கும் காது சொல்லிவிடும். அதை மறுநாள் ஆசிரியரிடம் சொல்லலாமல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. முன்பு அந்தத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையின் நிலை ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது வகுப்பில் ஆசிரியர் செய்யும் மதிப்பீடு இருக்கிறது. அதில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலைகள் உண்டு. அறிக்கை கைக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 1 அல்லது 2 என்று இருந்தால் உடனே ஆசிரியரைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் தெரிந்தால் சரிசெய்யலாம். படிவம் ஒன்றில் தெரிந்தால் பிள்ளை பாடுபட வேண்டியிருக்கும்.

உதிரிப் பழம் பொறுக்கவும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளையைப் பள்ளி நாளில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அப்படி நிற்பது பெண்பிள்ளைதான். ஒருநாள் விட்ட கணக்கு மறுநாள் புரியாது. புரியாத பிள்ளை மெல்ல மெல்லப் பள்ளியையே வெறுத்துவிடும்.

அடுத்தது ஒழுக்கம். பள்ளியில் நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடமே இருக்கிறது. உண்மை பேச வேண்டும் என்று ஆசிரியர் அங்கே சொல்லிக் கொடுக்கிறார். மாலையில் கடன்காரர் கதவைத் தட்டுகிறார். “அப்பா வீட்டில் இல்லை என்று சொல்” என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோம். எந்தப் பாடம் அந்தப் பிள்ளையின் மனத்தில் நிற்கும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தந்தை குடித்துவிட்டு வந்து தாயை ஏசும் வீட்டில், மரியாதை என்ற சொல்லுக்குப் பிள்ளை எங்கே பொருள் தேடும்?

ஆசிரியர் கண்டித்தார் என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், அதன் எதிரிலேயே ஆசிரியரைத் திட்டாதீர்கள். முதலில் பிள்ளை சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு பள்ளிக்குப் போய் ஆசிரியர் சொல்வதையும் கேளுங்கள். தவறு ஆசிரியர் பக்கம் இருந்தால் தலைமையாசிரியரிடம் பணிவாகவும் உறுதியாகவும் பேசுங்கள். அது உங்கள் உரிமை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், “அதெல்லாம் படித்தவர்களுக்கு” என்று ஒதுங்காதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்தாலும் போங்கள். தன் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள் என்பதே பிள்ளைக்குப் பெரிய தெம்பு.

அடுத்த கூட்டம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒருநாள் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். “என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்? எப்படி நடந்துகொள்கிறான்?” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.