வீட்டிலிருந்து வேலை: மாலை நேரம் யாருக்குச் சொந்தம்?

2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்திலே வீட்டுக்குள் வந்த அலுவலகம், எம்மவர் பலருடைய வீடுகளிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. ஒன்ராறியோவில் குடியேறி இரண்டொரு வருடங்களே ஆன குடும்பங்களிலும், தொலைபேசிச் சேவை, கணக்கு, கணினி வேலை என்று சமையலறை மேசையில் இருந்தபடியே உழைப்பவர்கள் உண்டு.

பனியில் பஸ்சுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. பிள்ளைகள் பாடசாலையால் வரும்போது வீட்டில் ஆளிருக்கும். இவை பெரிய ஆறுதல்களே. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தால்? கிடைத்த வேலை போய்விடுமோ என்ற பயத்தில், புதிதாக வந்தவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் பதில் எழுதுவார். நாளடைவில் நித்திரை குறையும். பிள்ளைகளோடு கதைக்கவும் நேரமிராது.

இதற்காகவே ஒன்ராறியோ அரசு 2021இல் வேலைவாய்ப்பு நியமச் சட்டத்தைத் திருத்தியது. ஜனவரி 1ஆம் திகதியன்று 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், வேலை நேரத்தின் பின் தொடர்பை விட்டிருப்பது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். புதிதாகச் சேருபவருக்கு 30 நாட்களுக்குள் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். ஊழியரைக் கணினி வழியாகக் கண்காணிக்கிறார்களா, எப்படி, எதற்காக என்பதையும் இதே அளவு நிறுவனங்கள் 2022 ஒக்ரோபர் முதல் எழுதித் தரவேண்டும். மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்ட வங்கிகள், தொலைபேசி நிறுவனங்களுக்கு இவை பொருந்தா.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொள்கை இருக்க வேண்டும் என்கிற சட்டம், அதில் என்ன எழுதப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே மாலை நேரம் குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் தலைமை தாங்குபவரின் கையிலேயே உள்ளது. நல்ல தலைவர் இரவில் எழுதிய மின்னஞ்சலைக் காலையில் போகும்படி நேரம் குறித்து வைப்பார். எது உண்மையில் அவசரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். கணினியின் முன் எத்தனை மணிநேரம் இருந்தார் என்று பாராமல், முடித்த வேலையைப் பார்ப்பார். கிழமைக்கு ஒரு தடவையாவது, வேலையை விடுத்து, ஆளின் சுகத்தை விசாரிப்பார்.

எம்மவரிலும் சிலர் இன்று நிறுவனம் நடத்துகிறார்கள். 25 பேர் இல்லையென்றால் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. ஆயினும் வந்த புதிதில் இரண்டு வேலை செய்து களைத்தவர்கள் அவர்கள். “எங்கட ஆள்தானே” என்று இரவிலும் வேலை வாங்குவது அவர்களுக்கு அழகல்ல.

புதிதாக வந்தவர்களே, அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். சட்டப்படியான உரிமையைக் கேட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கவோ வேலையிலிருந்து நிறுத்தவோ ஒன்ராறியோச் சட்டம் இடந்தராது. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளாமல் இருந்துவிடாதீர்கள்.