சின்னஞ்சிறு ஜப்பான் கார்

மறைமலைநகர் என்றவுடன் தனித்தமிழ் வளர்த்த அடிகளாரின் நினைவு வருவது எம்போன்ற ஆசிரியர்களுக்கு மட்டுந்தான். மற்றவர்களுக்கெல்லாம் மோட்டார்த் தொழிற்சாலையின் நினைவே வரும். அமெரிக்க ஃபோர்டு கம்பெனியார் இங்கே 1999-இல் 'ஐகான்' காரையும், 2010-இல் 'ஃபிகோ'வையும் செய்து வெளியிட்டார்கள். 2022-இல் கார் உற்பத்தி நின்றது. ஆனால் அந்த நாளிலேயே இவ்வூர்க் குடும்பஸ்தர்களின் மனத்தைக் கவர்ந்திருந்தது ஜப்பானியர் வழிகாட்டிய சின்னஞ்சிறு கார் அல்லவா?

விலை குறைவு என்பார்கள். அது பாதி உண்மைதான்.

யுத்தத்தால் நொந்துபோயிருந்த ஜப்பானில், 1949-இல் சர்க்கார் சிறிய கார்களுக்கென்று ஒரு தனி வகுப்பை ஏற்படுத்தினார்கள். அதற்குக் 'கேய்' என்று பெயர். லேசானது என்று பொருள். இன்று அவ்வகுப்பைச் சேர்ந்த கார் 3.4 மீட்டர் நீளத்தையும் 1.48 மீட்டர் அகலத்தையும் தாண்டலாகாது. என்ஜின் 660 ஸி.ஸி.க்கு மேற்படலாகாது. வரம்புக்குள் அடங்கினால் வரி குறையும். நாலே அடிக்குள் உலகத்தை அடக்க முயலும் வெண்பாப் புலவரைப்போல ஜப்பானிய என்ஜினீயர்கள் இந்த வரம்போடு மல்லாடினார்கள். காலக்கிரமத்தில் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே அது சுழற்றும்படி செய்தார்கள். பின்சக்கரம் வரை செல்லும் நீண்ட தண்டு ஒழிந்தது. உள்ளே கால் நீட்ட இடம் பிறந்தது.

அந்த வித்தைதான் 1983 டிசம்பரில் 'மாருதி 800' என்ற பெயருடன் நம் நாட்டுக்கு வந்தது. ஸுஸுகியின் 'ஆல்டோ'வைத் தழுவிய அந்தக் காருக்கு 796 ஸி.ஸி. என்ஜின். அம்பாஸடரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டை. எடையோ கிட்டத்தட்டப் பாதி. 2014-இல் உற்பத்தி நிற்பதற்குள் 25 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாயிற்று. தாத்தா, பாட்டி, மூன்று குழந்தைகள், புளியோதரைத் தூக்கு சகிதமாக மாமல்லபுரம் போய் வந்த குடும்பங்கள் எத்தனை! திருக்கழுக்குன்றத்துத் தேர் வீதியை விட்டுச் சந்துக்குள் திரும்பும்போதுதான் அதன் அருமை தெரியும். எதிரே மாட்டுவண்டி வந்தாலும் ஒதுங்கி நிற்கலாம்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். 2014 ஜனவரியில் 'குளோபல் என்.சி.ஏ.பி.' என்னும் ஸ்தாபனத்தார் நம் நாட்டுக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தார்கள். ஆல்டோ 800-க்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. மறைமலைநகரில் பிறந்த ஃபிகோவுக்கும் அதே கதிதான். சோதித்தவை காற்றுப்பை இல்லாத மலிவு வகைகள். அதே ஆண்டு நவம்பரில் பக்கத்து ஒரகடத்தில் தயாரான 'டாட்ஸன் கோ'வும் பூஜ்யமே வாங்கிற்று.

இதற்குச் சிறுமையைக் குற்றம் சொல்வது நியாயமன்று. ஜப்பானில் ஹோண்டாவின் 'என்-பாக்ஸ்' என்னும் கேய் வண்டி அந்நாட்டுப் பரீட்சையில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது. சட்டத்தில் வலிவு வேண்டும், காற்றுப்பை வேண்டும். இவற்றில் மிச்சம் பிடித்ததே இங்கே நேர்ந்த பிழை. ஆயினும் பாரவண்டிகள் ஓயாது பறக்கும் ஜி.எஸ்.டி. சாலையில், லேசான வண்டிக்கே அடி அதிகம் என்ற பௌதிக விதியை எந்த என்ஜினீயராலும் மாற்ற முடியாது.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே 'பாரத் என்.சி.ஏ.பி.' என்ற மோதல் பரீட்சை நடந்து வருகிறது. கம்பெனியார் தாமாக முன்வந்தால்தான் பரீட்சை, கட்டாயமில்லை. ஆகையால் சிறிய கார் வாங்கப் புறப்படும் நேயர்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்குமுன், எத்தனை நட்சத்திரம் என்று கடைக்காரரைக் கேட்பது நலம்.