கத்தி வைக்கும் முன்னே

"ஃபிட்னஸ் வாங்கியாயிற்றா?"

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வீடுகளில் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இரத்தம் கொடுத்தோம், மார்புப் படம் எடுத்தோம், இ.சி.ஜி. எடுத்தோம், மருத்துவர் கையெழுத்திட்டார், வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம். அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிவரும் ஒரு சீட்டாகவே அதனை நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சீட்டில் நமது பங்கும் உண்டு என்பதனை எத்தனை பேர் அறிவோம்?

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். அவ்வீட்டு அம்மையாருக்கு வயது 47. கருப்பையில் கட்டி, மாதந்தோறும் மிகுதியான உதிரப்போக்கு. கருப்பையை அகற்றுவதென முடிவாகி, மயக்கவியல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றனர். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் கூறினார். "இவளுக்கு ஒரு நோயும் கிடையாது டாக்டர். ஒரு நாள்கூடப் படுத்ததில்லை."

மருத்துவர் அம்மையாரின் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டில் மொட்டை மாடியில் துணி உலர்த்துவது யாரம்மா?"

"ஆறு மாதமாக மகள்தான் உலர்த்துகிறாள்."

"ஏன்?"

அம்மையார் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "பாதிப் படி ஏறுமுன்னே மூச்சு வாங்குகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வேலைக்குச் சோம்பி நிற்கிறேன் என்று நினைப்பார்களே என்று சொல்லவில்லை" என்றார்.

இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 7 கிராம்தான் இருந்தது. அறுவைச் சிகிச்சை ஆறு வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது. உதிரப்போக்கைக் குறைக்க மருந்தும், நரம்பு வழியாக இரும்புச் சத்தும் தரப்பட்டன. அதன் பின்னரே கத்தி வைத்தனர். அம்மையார் நலமாக வீடு திரும்பினார். ஆனால் ஆறு மாதமாக ஒரு தாய் மாடிப்படியில் மூச்சுத் திணறி நின்றதை அவ்வீட்டில் எவரும் கவனிக்கவில்லை என்பதே நம் உள்ளத்தை உறுத்துகிறது. அவ்வீட்டை மட்டும் குறைகூறவும் இயலாது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள்.

அறுவைக்கு முன் உடலை அறிய வேண்டும் என்பதனை மருத்துவ உலகம் விலை கொடுத்தே கற்றது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்ய முடியும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். உலகம் வியந்து மகிழ்ந்தது. அடுத்த பதினாறு மாதங்களுக்குள், 1848 ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். சிறிய அறுவையாயினும் மயக்கம் சிறிய காரியமன்று என்பதனை அன்று யாவரும் உணர்ந்தனர்.

1941ஆம் ஆண்டில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் மூவர், அறுவைக்கு வரும் நோயாளிகளின் உடல்நிலையை வகுப்புகளாகப் பிரித்துக் காட்டினர். பின்னாளில் திருத்தம் பெற்ற அம்முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நோயற்றவர் முதல் வகுப்பு. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உடையவர் இரண்டாம் வகுப்பு. அன்றாட வாழ்வைக் கட்டுப்படுத்தும் கடுமையான நோயுடையவர் மூன்றாம் வகுப்பு. நோயால் உயிருக்கு எந்நேரமும் ஆபத்துள்ளவர் நான்காம் வகுப்பு. அறுவை செய்யாவிடில் பிழைக்கமாட்டார் என்னும் நிலையில் இருப்பவர் ஐந்தாம் வகுப்பு. மூளைச்சாவு அடைந்து உறுப்புத் தானம் செய்பவர் ஆறாம் வகுப்பு. நோயாளியின் தாளில் 'ஏ.எஸ்.ஏ.' என்னும் எழுத்துக்களுக்குப் பக்கத்தில் காணும் எண் இதுவே. இவ்வெண் உடலின் நிலையை மட்டும் கூறுகிறது. செய்யப்போகும் அறுவை பெரிதா சிறிதா என்பதனை மருத்துவர் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாடிப்படியைப் பற்றி அந்த மருத்துவர் கேட்டது ஏன்? பெரிய அறுவைக்குப் பின் காயம் ஆறும் நாட்களில் உடலுக்கு வழக்கத்தைவிட அதிகமான ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. கட்டிலில் அசையாமல் படுத்திருப்பவரின் இருதயமும் நுரையீரலும் உள்ளுக்குள் மலையேறிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லலாம். இரண்டு மாடி ஏறும் அளவுக்கு வலுவுள்ள உடல் அச்சுமையை ஓரளவு தாங்கும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கணிப்பு.

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று கூறுகிறது. பெரிய அறுவைக்கு வந்த முதியோர் 187 பேரைச் சைக்கிள் மிதிக்கச் செய்து, அவர்கள் விடும் மூச்சைக் கருவியால் அளந்தனர். உழைப்பைத் தாங்கும் ஆற்றல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 18 பேர் அறுவைக்குப் பின் இருதயக் கோளாறுகளால் இறந்தனர். அந்த அளவை எட்டியவர்களிடையே இத்தகைய மரணம் 100க்கு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அனுபவமிக்க மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் நம் வலுவை அறிந்துகொள்வார் அன்றோ என்று கேட்கலாம். நான்கு நாடுகளில் 1,401 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவ்வாறு அறிய இயலாது என்று காட்டிவிட்டது. உண்மையில் வலுக்குறைந்திருந்தவர்களில் 100க்கு 19 பேரை மட்டுமே மருத்துவர்களின் கணிப்பு இனங்கண்டது. ஆனால், நடக்க முடிகிறதா, படியேற முடிகிறதா, வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று நோயாளியையே வினவும் 12 கேள்விகள் கொண்ட பட்டியல், பின்னால் ஆபத்து நேரக்கூடியவர்களை அறிய உதவிற்று. மருத்துவரின் கண்ணுக்கு எட்டாததை நோயாளியின் நாவு கூறிற்று. அந்த நாவை நாம் பேசவிட வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர் வேறு சிலவற்றையும் பார்ப்பார். "வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டுங்கள்" என்பார். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்துவது எளிதாக இருக்குமா என்பதனை, தொண்டையின் உட்புறம் எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு கணிக்கும் முறை அது. 1985ஆம் ஆண்டில் இதனை வகுத்துக் கூறியவர், ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. ஆடும் பல்லையும் கட்டிய பல் செட்டையும் வெட்கப்பட்டு மறைக்கலாகாது.

இனி, பட்டினி. "வெறும் வயிற்றோடு போகிறானே என் பிள்ளை" என்று மனம் பொறுக்காமல், விடியற்காலையில் ஒரு தம்ளர் பால் கொடுத்து அனுப்பும் தாய்மார் இன்றும் உளர். அந்த அன்பே ஆபத்தாக முடியலாம். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க் நகர மருத்துவர் மெண்டல்சன், பிரசவ மருத்துவமனை ஒன்றின் 1932 முதல் 1945 வரையிலான பதிவேடுகளைப் புரட்டி, இவ்வாறு நேர்ந்த 66 நிகழ்ச்சிகளை 1946ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். தெளிந்த தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரையிலும், குழந்தைக்குத் தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பு வரையிலும், இட்லி போன்ற எளிய உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரையிலும் அனுமதிப்பது இன்றைய பொது வழக்கம். எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் அதனினும் கூடுதல் நேரம் வேண்டும். பாலும் பால் கலந்த காப்பியும் தண்ணீரோடு சேரா, உணவோடு சேர்ந்தவை. எனினும் நமக்கு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நேரமே சட்டம். தவறி ஏதேனும் அருந்திவிட்டால், திட்டுவார்களே என்று அஞ்சி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போவதால் பெரும்பாலும் நட்டமில்லை.

சோதனைகள் மிகுதியாகச் செய்தால் பாதுகாப்பும் மிகும் என்று நம்புவோரும் உண்டு. கண்புரை அறுவைக்கு வந்த 18,000க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சோதனைகளைச் செய்தும் மறு பிரிவினருக்குச் செய்யாமலும் பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் ஆயிரத்துக்கு 31 என்ற ஒரே அளவிலேதான் கோளாறுகள் நேர்ந்தன. ஆகவே, "ஏன் எல்லாச் சோதனையும் எழுதவில்லை?" என்று மருத்துவரைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. எந்த உடலுக்கு எது தேவை என்று தெரிந்து கேட்பதே திறமை.

உடல் தகுதி என்பது அளந்து பார்த்து அப்படியே விட்டுவிடும் ஒன்றுமன்று, வளர்த்துக்கொள்ளவும் கூடியது. பீடி, சிகரெட்டை அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்துவோருக்கு நுரையீரல் தொல்லையும் காயம் ஆறாத் தொல்லையும் குறைகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்கு வந்த 441 பேரில் ஒரு பிரிவினருக்கு, இயன்முறை மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். அறுவைக்குப் பின் நுரையீரல் கோளாறு கண்டவர்கள், பயிற்சி பெறாத பிரிவில் 100க்கு 27 பேர். பெற்ற பிரிவில் 12 பேர்தாம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி இது.

ஆகவே, மயக்கவியல் மருத்துவர்முன் அமரும்போது நாம் செய்ய வேண்டியவை சிலவே. உண்ணும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வோம். நாட்டு மருந்து, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, சர்க்கரைக்கோ எடை குறைப்பதற்கோ போடும் ஊசி எதுவாயினும் சொல்லிவிடுவோம். எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்று மருத்துவரே முடிவு செய்யட்டும். முன்பு மயக்க மருந்தால் நமக்கோ நம் இரத்த உறவினருக்கோ தொல்லை நேர்ந்திருந்தால் கூறுவோம். குடிப்பழக்கம் இருந்தால், மனைவி மக்களை வெளியே அனுப்பிவிட்டாவது உண்மையைக் கூறிவிடுவோம். அது மானக்கேடன்று. விபத்திலும் அவசரப் பிரசவத்திலும் வாரக்கணக்கில் காத்திருக்க வழியில்லை. அங்கே சில நிமிடங்களில் கூறப்படும் உண்மையே பெருந்துணை.

முதியோருக்காகவும் பெண்களுக்காகவும் நாமே பதில் சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். மருத்துவமனைக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், மாடியில் உலரும் துணிகளை எடுத்துவரப் போவது யார் என்று பார்ப்போம். வழக்கமாகப் போகிறவர் போகவில்லையெனில், அருகில் அமர்ந்து, ஏன் என்று அன்போடு கேட்போம்.